உரமும் பயிர் மருந்துத் தூளும் எவ்வளவு ஈரம் இழுக்கும்? அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஈரம் பார்க்கச் சொன்னால் புதிதாக வருகிறவர்கள் முதலில் செய்வது மாதிரிப் பொட்டலத்தைப் பிரிப்பது. பாதிச் சோதனைகள் அங்கேயே கெட்டுப் போகின்றன. பொட்டலம் திறந்த நொடியிலிருந்து மாதிரி அறைக் காற்றோடு கொடுக்கல் வாங்கலைத் தொடங்கிவிடுகிறது. காற்றின் ஈரத்தை ஒரே அளவில் நிறுத்தி மாதிரியை வைக்கும் ஜாடி தயாராக ஒரு வாரம் ஆகும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வரும். கீழே உள்ள வரிசையில் பொட்டலம் 6-ஆம் படியில்தான் திறக்கப்படுகிறது. அதை மட்டும் முன்னே இழுத்துவிடாதீர்கள்.

1. கேள்வியை எழுதி வையுங்கள்

"ஈரம் எவ்வளவு" என்பதற்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இப்போது மாதிரிக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? எந்த ஒப்பு ஈரப்பதத்தை (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற அளவு) தாண்டினால் அது காற்றிலிருந்து இழுக்கத் தொடங்கும்? அந்த எல்லைக்கு மேல் எவ்வளவு வேகமாக இழுக்கும்? இழுத்த பிறகு கட்டியாகுமா, கூழாகுமா, அப்படியே இருக்குமா?

ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு. ஒன்றின் விடையை இன்னொன்றுக்குச் சொல்வதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மேல்பூச்சு உள்ள யூரியாக் குருணையை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு ஈரம் உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கும். உள்ளே இருக்கும் யூரியா எந்த ஈரப்பதத்தில் கரையத் தொடங்கும் என்பதை மாற்றாது. இரண்டாவது கேள்விக்குக் குருணையைப் பொடிக்கலாம். மூன்றாவதற்குப் பொடித்தால் பூச்சே போய்விடும், சோதனைக்கு அர்த்தமில்லை.

2. எதை ஜாடிக்குள் வைக்கக் கூடாது

அலுமினியம் பாஸ்பைடு, மெக்னீசியம் பாஸ்பைடு போன்ற புகைமருந்துகளை இந்த முறையில் தொடவே தொடாதீர்கள். ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு வரும். ஆளைக் கொல்லும் வாயு, தானாகத் தீப்பற்றவும் கூடும். மாதிரியின் பெயர் தெரியவில்லை என்றாலும் வேண்டாம்.

அம்மோனியம் நைட்ரேட்டைச் சூடாக்காதீர்கள், மரத்தூள், எண்ணெய், கந்தகம் போன்றவற்றோடு சேர்த்து அரைக்காதீர்கள். பூச்சிக்கொல்லி, பூஞ்சணக்கொல்லித் தூள்களைப் புகைக்கூண்டுக்குள் (காற்றை வெளியே உறிஞ்சும் ஆய்வகப் பெட்டி) வைத்து, கையுறையும் முகக்காப்பும் போட்டுக்கொண்டு கையாளுங்கள். எடைபோடும்போது ஒரு சிட்டிகைதானே என்று தோன்றும். முப்பது குப்பி நிரப்பி முடிக்கும்போது மூக்கில் போயிருப்பது ஒரு சிட்டிகை அல்ல.

3. முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு. மூடியோடு கூடிய அகலமான, தட்டையான கண்ணாடி எடைக்குப்பிகள். பிளாஸ்டிக் வேண்டாம், நிலைமின்னால் தூள் சுவரில் ஒட்டும், தராசு முள்ளும் தள்ளாடும். காற்றுப்புகாத ஜாடிகள் அல்லது டெசிகேட்டர்கள், வெப்பம் நிலையாக நிற்கும் இன்குபேட்டர், ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் வைக்க ஒரு சிறிய ஈரப்பத உணரி, ஆய்வகத் தர உப்புகள்.

எந்த வெப்பநிலை என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். உர உலகத்தில் 30 டிகிரி செல்சியஸ் வழக்கம், ஒப்பிடப் பழைய அளவுகள் அதில்தான் கிடைக்கும். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மட்டும் எச்சரிக்கை: 32 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறும், கன அளவும் மாறும். 30-ல் வைத்த இன்குபேட்டர் இரண்டு டிகிரி மேலே கீழே ஆடினால், ஈரத்தால் குருணை உடைந்ததா, படிக மாற்றத்தால் உடைந்ததா என்று பிரிக்க முடியாது. அதை 25-ல் செய்யுங்கள்.

4. ஈரப்பத ஜாடிகளைத் தயார் செய்தல்

தெவிட்டிய உப்புக்கரைசலுக்கு மேலே உள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம், குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரே அளவில் நிற்கும். கரைசல் தண்ணீரை இழந்தால் கொஞ்சம் உப்பு படியும், தண்ணீரை வாங்கினால் கொஞ்சம் கரையும், அடர்த்தி மாறாது. இந்தச் சோதனை முழுவதும் அந்த ஒரே விஷயத்தின்மேல்தான் நிற்கிறது. 30 டிகிரியில் எனக்குப் பழக்கமான வரிசை இது:

லித்தியம் குளோரைடு – 11.3%
மெக்னீசியம் குளோரைடு – 32.4%
மெக்னீசியம் நைட்ரேட் – 51.4%
சோடியம் குளோரைடு – 75.1%
பொட்டாசியம் குளோரைடு – 83.6%
பொட்டாசியம் நைட்ரேட் – 92.3%
பொட்டாசியம் சல்பேட் – 97.0%

தெளிந்த கரைசல் வேண்டாம், ஈர மணல் போன்ற கூழ்தான் வேண்டும். உப்பின்மேல் மெல்லிய நீர்ப்படலம் தெரியட்டும், அடியில் கரையாத உப்பு நிறைய கிடக்கட்டும். தெளிவாக இருந்தால்தான் சரி என்று நினைத்துக் கரையாததை வடிகட்டி எறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஜாடியில் ஈரப்பதம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது.

சமையல் உப்பைப் போடாதீர்கள். அதில் மெக்னீசியம் உப்புகளும், கட்டி தட்டாமல் இருக்கச் சேர்த்த பொருளும் இருக்கும், 75.1 வராது. பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் அசிடேட் இரண்டையும் பட்டியலில் நான் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. கார்பனேட் காரத்தன்மை கொண்டது. அம்மோனியம் உப்பு உள்ள மாதிரித் தூள் அதில் சிந்தினால் அம்மோனியா கிளம்பும். அசிடேட் கூழிலிருந்து அசிட்டிக் அமில ஆவி வரலாம்.

கூழின் பரப்பு அகலமாக இருக்கட்டும், மாதிரி அதற்கு நெருக்கமாக இருக்கட்டும். கூழ் சுவர்மேல் ஊர்ந்து ஏறும் பழக்கமுள்ளது. குப்பிகள் நிற்கும் தட்டுக்கும் கூழுக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அப்புறம் மூடி, இன்குபேட்டரில் ஒரு வாரம்.

5. ஜாடி சொல்வது உண்மையா என்று பார்த்தல்

உணரி காட்டும் எண் முதல் சாட்சி. அதை மட்டும் நம்பாதீர்கள், உணரிகளும் பொய் சொல்லும். எளிய குறுக்கு விசாரணை ஒன்று உண்டு. பொட்டாசியம் குளோரைடு ஜாடியில் சில சோடியம் குளோரைடு படிகங்களை ஒரு கண்ணாடிச் சில்லில் வையுங்கள், சோடியம் குளோரைடு ஜாடியில் சில பொட்டாசியம் குளோரைடு படிகங்களை. முதல் ஜாடியில் படிகம் கரைந்து சொட்டாக வேண்டும், இரண்டாவதில் உலர்ந்தே இருக்க வேண்டும். இது நடக்காவிட்டால் மாதிரியைத் திறக்க வேண்டாம்.

வெப்பநிலையை எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 1 டிகிரிக்கு நீராவியின் தெவிட்டு அழுத்தம் சுமார் 6% மாறும். கூழைவிட மாதிரி 1 டிகிரி குளிர்ந்திருந்தால், 75% ஜாடியில் மாதிரி உணர்வது ஏறக்குறைய 79.5%. 97% ஜாடியில் இதே வித்தியாசம் வந்தால் மாதிரிமேல் பனித்துளியே விழும். இன்குபேட்டர் கதவை அடிக்கடி திறப்பது, ஜாடியின் ஒரு பக்கம் சூடான சுவரில் ஒட்டி நிற்பது இரண்டுமே இந்த வேலையைச் செய்யும். மூடியின் உட்புறம் துளிகள் தெரிந்தால் அந்த நாளின் எடையை எழுதவே வேண்டாம்.

6. பொட்டலத்தைத் திறந்து மாதிரி எடுத்தல்

குளிர்ந்த இடத்திலிருந்து வந்த பொட்டலம் அறை வெப்பத்துக்கு வரும்வரை சீல் உடையக் கூடாது. உடனே திறந்தால் அறை ஈரம் குளிர்ந்த தூள்மேல் படியும், அதை மாதிரியின் ஈரமாகவே நீங்கள் எழுதுவீர்கள். மேல்படலத்தைத் தள்ளிவிட்டு உள்ளிருந்து எடுங்கள். மூட்டையில் வெளிப்பக்கம் எப்போதும் வேறு கதை சொல்லும்.

குப்பி ஒன்றுக்கு 2 முதல் 3 கிராம், 2–3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்புங்கள். குவித்து வைத்தால் மேல்பகுதி ஈரமாகி மூடி போலாகிவிடும், அடிப்பகுதிக்கு வாரக் கணக்கில் சேதி போகாது. ஒவ்வொரு ஜாடிக்கும் மூன்று குப்பிகள், கூடவே ஒரு வெற்றுக் குப்பி. கண்ணாடியும் கொஞ்சம் ஈரம் பிடிக்கும், வெற்றுக் குப்பியின் எடை மாற்றத்தை மற்றவற்றிலிருந்து கழிக்க வேண்டும். குப்பிகளை வெறுங்கையால் தொடாதீர்கள்.

ஒரு ஜாடியில் ஒரே பொருள். இடம் மிச்சம் பிடிக்க யூரியாவையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒன்றாக வைப்பது பெரிய ஆசை. கால்சியம் நைட்ரேட் கரைந்து குளமானதும் அதுவே இன்னொரு உப்புக்கூழ் ஆகிவிடும். ஜாடியின் ஈரப்பதத்தை யார் நிர்ணயிப்பது என்று இரண்டு கூழும் போட்டி போடும்.

7. தொடக்க ஈரத்தைத் தெரிந்துகொள்ளுதல்

எடை கூடியது எவ்வளவு என்று தராசு சொல்லும், ஏற்கெனவே உள்ளே இருந்தது எவ்வளவு என்று சொல்லாது. அதைத் தனி மாதிரியில் அதே நாளில் அளக்க வேண்டும்.

நான் சறுக்கி விழுந்த இடம் இதுதான். ஆரம்ப நாட்களில் யூரியாவை 105 டிகிரி அடுப்பில் இரவு முழுவதும் வைத்து, குறைந்த எடை மொத்தத்தையும் ஈரம் என்று எழுதிக் கொடுத்தேன். யூரியா உருகுவது 133 டிகிரியில், ஆனால் அதற்குக் கீழேயே மெல்லச் சிதைந்து அம்மோனியாவை விடத் தொடங்கும். நான் அளந்ததில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அம்மோனியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிஏபியும் (டைஅம்மோனியம் பாஸ்பேட்) அப்படித்தான். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு அடுப்பே கூடாது.

உரத்துக்கு 50 டிகிரி வெற்றிட அடுப்பு பாதுகாப்பான வழி. அதைவிட நல்லது கார்ல் ஃபிஷர் தரம்பார்த்தல், அது எடை இழப்பைப் பார்க்காமல் தண்ணீரையே தேடிப் பிடிக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அது ஒத்துவராது. அதன் வினைப்பொருளில் அயோடின் இருக்கிறது. மான்கோசெப் போன்ற டைதயோகார்பமேட் பூஞ்சணக்கொல்லிகள் அயோடினைத் தாமே தின்றுவிடும், இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும். இரட்டை இணைதிறன் கொண்ட தாமிர உப்புகள் அயோடைடை மறுபடி அயோடினாக்கித் தலைகீழாகத் தவறு செய்யும். கார்பனேட், ஹைட்ராக்சைடு கலந்த தூள்கள் வினைப்பொருளோடு சேர்ந்து புதிதாகத் தண்ணீரையே உருவாக்கும். இவற்றுக்கு டொலுயீனோடு கொதிக்கவைத்து, கூடவே ஆவியாகி வரும் தண்ணீரை அளவுக்குழாயில் சேகரிக்கும் பழைய முறை நம்பகமானது, பொருள் அந்தச் சூட்டைத் தாங்கும் என்றால்.

படிக நீர், அதாவது படிகத்துக்குள்ளேயே கட்டுண்ட தண்ணீர், உள்ள உப்புகளில் இன்னொரு குழப்பம். மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டின் (ஏழு நீர் மூலக்கூறு கொண்டது) எடையில் 51% தண்ணீர், கையில் எடுத்தால் உலர்ந்த படிகம். "ஈரம் 51%" என்று எழுதினால் வாங்குகிறவர் பயந்துபோவார். படிக நீர் வேறு, ஒட்டியிருக்கும் ஈரம் வேறு. எதை அளந்தீர்கள் என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

8. ஜாடியில் வைத்தல், எடைபோடுதல்

குப்பியை ஜாடிக்குள் வைத்துவிட்டு மூடியைத் திறந்து பக்கத்தில் சாய்த்து வையுங்கள். எடுக்கும்போது ஜாடிக்குள்ளேயே மூடிவிட்டு வெளியே எடுங்கள். இந்த ஒரு பழக்கம் இல்லாதவர்களின் எண்கள் மழை நாளில் ஒன்று, வெயில் நாளில் ஒன்றாக இருக்கும்.

30 டிகிரியிலிருந்து வந்த குப்பியை உடனே தராசில் வைத்தால் சூட்டுக் காற்று மேலெழும்பி எடையைக் குறைத்துக் காட்டும். மூடியோடு அறை வெப்பத்துக்கு வரட்டும், எல்லாக் குப்பிக்கும் ஒரே நேரம் கொடுங்கள்.

முதல் நாளில் 2, 4, 8, 24 மணி நேரத்தில் எடை போடுங்கள், பிறகு தினம் ஒரு முறை. தொடக்கத்தில் நெருக்கமாகப் பார்ப்பதற்குக் காரணம், வேகம் பற்றிய செய்தியெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு நாள் எடை வித்தியாசம் மாதிரி எடையில் 0.1%க்குக் கீழே வந்தால் சமநிலை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மாவுப்பொருள், லிக்னோசல்பொனேட் (மரத்திலிருந்து கிடைக்கும் துணைப்பொருள்) சேர்த்த தூள்கள் 80%க்கு மேல் பூஞ்சணம் பிடிக்கலாம். ஜாடியில் ஒரு சிறு கிண்ணத்தில் தைமால் படிகம் வைத்தால் தடுக்கும்.

எடை குறைகிறதா? உடனே "உலர்ந்துவிட்டது" என்று எழுதாதீர்கள். டிஏபி அம்மோனியாவை இழந்திருக்கலாம். எடை கூடினால் அது தண்ணீர்தான் என்பதும் கட்டாயமில்லை. சுண்ணாம்பு கலந்தவை கார்பன் டை ஆக்சைடையும் இழுக்கும். முடிவில் ஒரு குப்பியில் கார்ல் ஃபிஷர் செய்து தராசோடு ஒத்துப் பாருங்கள்.

9. கணக்கு

ஒரு உதாரணம். மாதிரி 3.0000 கிராம், தொடக்க ஈரம் 0.40%. அப்படியானால் உலர் பொருள் 2.9880 கிராம். ஜாடியில் கூடிய எடை, வெற்றுக் குப்பியின் மாற்றத்தைக் கழித்த பிறகு, 0.0705 கிராம். மொத்தத் தண்ணீர் 0.0120 + 0.0705 = 0.0825 கிராம். உலர் எடை அடிப்படையில் 2.76%, ஈர எடை அடிப்படையில் 2.69%.

வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஈரம் 30%ஐத் தொடும் பொருளில் இரண்டும் வெகுதூரம் விலகிவிடும். வரைபடத்துக்கு உலர் எடை அடிப்படையையே பயன்படுத்துங்கள். அதில் கீழ் எண் மாறாமல் நிற்கும்.

10. மாறுநிலை ஒப்பு ஈரப்பதத்தைக் கண்டுபிடித்தல்

கரையும் படிக உப்புக்கு ஒரு வாசல் உண்டு, மாறுநிலை ஒப்பு ஈரப்பதம் என்பது அதுதான். அந்த ஈரப்பதத்துக்குக் கீழே அது ஏறக்குறைய எதுவுமே செய்யாது, மேலே போனால் ஈரம் இழுத்துக் கரைந்துகொண்டே போகும். 30 டிகிரியில் கால்சியம் நைட்ரேட்டுக்கு அது 47%ஐ ஒட்டி, அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 59%, யூரியாவுக்கு 73–75%, பொட்டாசியம் குளோரைடுக்கு 84%, பொட்டாசியம் சல்பேட்டுக்கு 96%. பெரும்பாலும் வெப்பம் ஏறினால் வாசல் இறங்கும். அம்மோனியம் நைட்ரேட்டுக்கு 20 டிகிரியில் 65%க்கு மேல், 40 டிகிரியில் 53%ஐ ஒட்டி. ஆகவே வெப்பநிலை எழுதாத எண் எதற்கும் உதவாது.

வாசலுக்கு மேலே "சமநிலை வரட்டும்" என்று காத்திருப்பது வீண். கரைசல் நீர்த்துக்கொண்டே போகும், எடை நாள் கணக்கில் ஏறும். அங்கே வேகத்தைத்தான் பார்க்க வேண்டும். வெவ்வேறு ஜாடிகளில் முதல் சில மணி நேரத்தில் கூடிய எடையை ஈரப்பதத்துக்கு எதிராகக் குறித்து, கோட்டைப் பூஜ்யம் வரை நீட்டுங்கள். 83.6% ஜாடியில் 106 மில்லிகிராம், 92.3% ஜாடியில் 193 மில்லிகிராம் கூடியிருந்தால் ஒரு சதவீதப் புள்ளிக்கு 10 மில்லிகிராம். கோடு 73.0%ல் பூஜ்யத்தைத் தொடும். உண்மையான சோதனையில் இரண்டு புள்ளியோடு நிறுத்தாதீர்கள். எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரு நேர்கோடு கிடைத்துவிடும்.

குறுக்கு வழியும் உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். 20 கிராம் மாதிரியைப் பொடித்து, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, சிறிய புட்டியில் உணரியோடு மூடுங்கள். மாதிரியே இப்போது உப்புக்கூழ், உணரி காட்டுவதே அதன் மாறுநிலை. ஆனால் யூரியாவும் அம்மோனியம் நைட்ரேட்டும் கரையும்போது குளிரும். ஐந்து நிமிடத்தில் எண்ணைப் படித்துவிட்டு ஓடாதீர்கள், வெப்பம் சோதனை வெப்பநிலைக்குத் திரும்பி எண் நிலைக்கும்வரை இருங்கள்.

கலவை உரத்துக்கு ஒவ்வொரு பொருளின் எண்ணையும் சராசரி போடுவது பெரும் தவறு. கலவையின் வாசல் அதிலுள்ள எல்லாவற்றுக்கும் கீழே போகும். யூரியாவும் அம்மோனியம் நைட்ரேட்டும் சேர்ந்தால் 30 டிகிரியில் 18%ஐ ஒட்டி இறங்கிவிடும். அவ்வளவு வறண்ட கிடங்கு எங்கேயும் கிடையாது. கலவையைக் கலவையாகவே அளக்க வேண்டும்.

11. வளைகோட்டைப் படித்தல்

ஈரப்பதத்துக்கு எதிராக உலர் அடிப்படை ஈரத்தை வரைந்தால், தூய உப்பு நீண்ட சமதளமாக வந்து திடீரென்று செங்குத்தாக ஏறும். களிமண், மாவு, பரப்புச்செயலி (தூள் நனைய உதவும் சோப்பு போன்ற பொருள்) சேர்த்த நனையும் தூள்களும் நீரில் பிரியும் குருணைகளும் அப்படி வராது, மெல்லச் சாய்ந்து ஏறும். அவற்றுக்கு "மாறுநிலை எண்" கேட்பதே தவறான கேள்வி. எந்த ஈரப்பதத்தில் எவ்வளவு என்று முழு வளைகோட்டையே கொடுங்கள். ஏறுமுகமாக ஒரு முறையும் இறங்குமுகமாக ஒரு முறையும் அளந்தால் இரண்டு கோடும் ஒன்றாக விழாது. ஒரு தடவை நனைந்த தூள், காற்று உலர்ந்த பிறகும் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

மூன்றாவது வடிவம் படிக்கட்டு. துத்தநாக சல்பேட் மோனோஹைட்ரேட் (ஒரு நீர் மூலக்கூறு கொண்டது) ஈரமான ஜாடியில் ஹெப்டாஹைட்ரேட் ஆகும்போது எடை 60% கூடும், ஆனால் பார்க்க உலர்ந்த திடப்பொருள்தான். கண்ணால் பார்த்து "ஈரம் இழுக்கவில்லை" என்று எழுதியவர்கள் உண்டு. எதிர்ப்பக்கம், மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 32% ஜாடியில் படிக நீரை இழக்கும். ஒரு மூலக்கூறு தண்ணீர் போனாலே எடையில் 7.3% குறைவு.

12. குவியலாக ஒரு சோதனை

கிடங்கில் உரம் 3 மில்லிமீட்டர் படலமாக இருப்பதில்லை. அதனால் கடைசியாக, மேலே மட்டும் திறந்த கண்ணாடி உருளைகளில் குருணையை விளிம்பு வரை நிரப்பி, 30 டிகிரி, 80% ஈரப்பதத்தில் 72 மணி நேரம் வையுங்கள். பெரும்பாலான கூழ்கள் இந்த 80%ஐத் தராது, காற்று சுழலும் ஈரப்பதப் பெட்டி தேவைப்படும். எடை கூடுதலைத் திறந்த பரப்பால் வகுத்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லுங்கள். கண்ணாடி வழியாக ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்றும் அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு எண்களும் சேர்ந்துதான் பேசும். நிறைய இழுத்தும் ஆழம் குறைவாக இருந்தால், மேல் அடுக்கே ஈரத்தைத் தாங்கி வைத்திருக்கிறது. குறைவாக இழுத்தும் ஆழமாக இறங்கியிருந்தால் திறந்த குவியலாக வைக்கவே கூடாத சரக்கு. ஈரமான பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள், குருணை நசுங்குகிறதா, உருவம் நிற்கிறதா என்று எழுதுங்கள். அப்புறம் அந்த உருளையை அப்படியே கழுவிவிடாமல் 51% ஜாடியில் இரண்டு நாள் உலரவிடுங்கள். ஈரத்தில் கரைந்த உப்பு காயும்போது குருணைக்கும் குருணைக்கும் நடுவே படிகப் பாலமாக மாறும். மூட்டை கல்லாவது அப்படிக் காயும்போதுதான், நனையும்போது அல்ல. கவிழ்த்துத் தட்டினால் கொட்டுகிறதா, கட்டியாக விழுகிறதா என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.